கொக்கு பேசப்போகிறது

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய அவா என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். எட்டு மாதமாக இல்லாத அவா இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உன் பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்கு வராததற்கு முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் நம் குளத்து வேலைக்கு அளவெடுக்க ஆள் வந்திருந்தார்கள். நான் கரையை விட்டு நகரவில்லை. திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிட்டு மேலே படி. இந்தக் கடிதம் ஒரு வேண்டுகோளில் போய்த்தான் நிற்கும்.

இங்கே எல்லோரும் சுகம். பிசான நெல் அறுத்தாயிற்று, விளைச்சல் பரவாயில்லை. கணக்கு வாத்தியார் இன்னும் இருக்கிறார், இன்னும் என்னிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்கிறார். ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

விஷயம் இதுதான். குளத்து உள்வாயில், தண்ணீர் தேங்குகிற இடத்திலேயே, நிற்கும் கருவேல மரங்களை வெட்டுவதற்கு ஏலம் விடப்போகிறார்கள். வெட்டச் சொல்லி மனு எழுதியது நான். வெட்டக்கூடாது என்று மார்ச் 22 கிராம சபையில் எழுந்து நிற்கப்போவதும் நான்தான். உலகத் தண்ணீர் நாளுக்கென்று கூடுகிற சபையில் தண்ணீருக்கு எதிராகப் பேசுகிறவன் என்ற பெயர் எனக்குக் கிடைக்கும். கிடைக்கட்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீ தொலைக்காட்சியில் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று செய்தியில் கேட்டிருப்பாய். நாங்கள் அந்த இரவைக் கோயில் மண்டபத்தில் கழித்தோம். விடியற்காலம் கரை உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஈரத்துணியைக் கிழித்த மாதிரிதான் இருந்தது. உன் கீழ வயலில் முழங்கால் அளவு மணல் ஏறியதை உன் அண்ணன் உனக்குச் சொல்லியிருப்பார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு மனுக் கிறுக்கு. உபரித் தண்ணீர் வழிகிற மறுகால் தூர்ந்துவிட்டது, வரத்துக்காலில் செடி மண்டிவிட்டது, குளம் மேடாகிவிட்டது என்று எழுதினேன். எல்லாம் உண்மை. கடைசியில், எழுதுகிற வேகத்தில், 'உள்வாயில் உள்ள மரங்கள் அனைத்தையும் வேரோடு அகற்ற வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த 'அனைத்தையும்' என்கிற ஒரு சொல்தான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

மரத்தின் மேல் நமக்கு இருந்த வெறி பழைய வெறி. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, நீ லீவு போட்டு வந்து என்னோடு அரிவாளைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாய். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு நடுக்கூடத்தில் மாட்டியவனும் நீதான். அது சீமை. குளத்து நடுவில் நிற்பது நாட்டுக் கருவேலம், ஜாதியே வேறு. 1980-களில் சமூகக் காடுகள் என்று சொல்லி நட்டார்களே, நாம் கன்று சுமந்து கூலி வாங்கி இடைவேளைவரை மட்டும் படம் பார்த்துவிட்டு ஓடி வந்தோமே, அதே கன்றுகள்தான். நாம் நட்டதை நாமே வெட்டச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். எழுதும்போது எனக்கு இது உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது ஒரு கல்லூரிப் பெண். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கலை ஒட்டித் தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் நீர்ப்பறவை எண்ணுகிறார்கள் அல்லவா, அதற்கு வந்தவள். கரைவழி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் என்னைக் காட்டிவிட்டார். காலை ஆறு மணிக்கு வெடவெடக்கிற பனியில் கிளம்பினோம். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, அரிவாள்மூக்கன் என்று அவள் சொல்லிக்கொண்டே நோட்டில் கோடு போட்டாள். நான் எல்லாவற்றையும் இத்தனை வருஷமாகக் கொக்கு, தாரா, கோழி என்ற மூன்றே பெயரில் முடித்துக்கொண்டிருந்தவன். பிறகு தொலைநோக்கியை என் கையில் கொடுத்து, 'ஐயா, அந்த மரத்தோப்பைப் பாருங்கள்' என்றாள்.

நத்தைகுத்தி நாரைகள். கிளைக்குக் கிளை கூடு. எண்ணினேன், நாற்பதுக்கு மேல் போனதும் பிசகியது. மறுபடி எண்ணினேன், மறுபடி பிசகியது.

அதற்குப் பிறகு தினமும் போகிறேன். தொலைநோக்கி ஒன்று வாங்கிவிட்டேன். விலையை இங்கே எழுதமாட்டேன், பதில் கடிதத்தில் நீ உளறுவாய், வீட்டில் தெரிந்துவிடும். அந்தப் பறவையின் அலகைப் பார்த்திருக்கிறாயா? முனை சேர்ந்திருக்கும், நடுவில் விலகி வெளிச்சம் தெரியும். நத்தை ஓட்டைக் கடித்துக் கடித்து அலகு தேய்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அது ஓட்டை உடைப்பதே அபூர்வம். முழங்கால் தண்ணீரில் நின்று, தலையை உள்ளே விட்டு, நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. கீழலகின் முனையை மூடிக்குள் செலுத்தி, தலையை இரண்டு முறை சிலுப்புகிறது. சதை மட்டும் வெளியே வருகிறது. ஓடு முழுசாகக் கிடக்கிறது. கரையோரம் நான் பொறுக்கியதில் முக்கால்வாசி ஓட்டில் கீறல்கூட இல்லை. நம் ஊர்க் கல்யாணத்தில் இளநீர் வெட்டுகிறவனுக்கு இந்தக் கைவாகு கிடையாது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை, வளர வளரத்தான் விழுகிறது. உனக்கு முன்பல் சந்து எட்டாம் வகுப்பில் விழுந்த மாதிரி.

இப்போது குஞ்சுகள் பெரிதாகிவிட்டன. மதிய வெயிலில் தாயோ தகப்பனோ, எது என்று எனக்குத் தெரியவில்லை, கூட்டின் விளிம்பில் முதுகை வெயிலுக்குக் காட்டி இரண்டு சிறகையும் விரித்து நிற்கிறது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள் ஒடுங்கிக்கொள்கின்றன. சூரியன் நகர்ந்தால் அதுவும் கொஞ்சம் நகர்கிறது. ஒருநாள் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை பார்த்தேன். அது சிறகை மடக்கவில்லை. நான்தான் வெயில் தாங்காமல் மடைநிழலுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஒற்றைக்கால் நாரை நினைவுக்கு வந்தது, சண்முகம். நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய்.

போன மாதம் கூந்தன்குளம் போய் வந்தேன். நாங்குநேரி தாலுகாவில் இருந்துகொண்டு நாம் ஒருநாளும் போகாத ஊர். 1994-இல் சரணாலயம் ஆனது; இப்போது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து சேருகிற குளம். இமயமலை தாண்டி வரும் வரித்தலை வாத்து, தலையில் இரண்டு கருப்புப் பட்டையோடு, அறுத்த வயலில் நம் வீட்டு வாத்து மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் நான் பார்க்கப் போனது அதையல்ல. அங்கே ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டுகிறது. நாற்றம் தெருமுனையிலேயே வரவேற்கிறது, அதை மறைக்கவில்லை. தீபாவளிக்கு வெடி கிடையாது. எச்சம் கலந்த தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்று கணக்காகச் சொல்கிறார்கள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். 'துணியை இரண்டு தடவை அலச வேண்டியிருக்கிறது' என்றார். பெரிய விளக்கம் எதிர்பார்த்துப் போனவனுக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

நீ சிரிக்காதே. நீ குடியிருக்கிற அடுக்குமாடியின் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பள்ளிக்கரணையும் அதே ராம்சார் பட்டியலில்தான் இருக்கிறது. உன் கார் நிற்கிற இடத்தில் ஒருகாலத்தில் எது நின்றது என்று யோசித்துப் பார்.

சரி, உன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். பாசனச் சங்கத்தில் அவர் சொல்வதுதான் சட்டம், அவர் மரம் போகவேண்டும் என்கிறார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். குளம் மேடாகிவிட்டது, பிசானத்தின் கடைசித் தண்ணீர் கடைமடைக்கு எட்டவில்லை. அதில் உன் வயலும் உண்டு, பதர் விழுந்ததும் உனக்குத் தெரியும். 'பறவைக்குத் தண்ணீர் வேண்டும், பயிருக்கு வேண்டாமா?' என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தேன். அவரோ, 'கொக்கு கொக்குக்குத்தானே பேசும்' என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கொக்கு என்று அந்தப் பட்டப்பெயரை வைத்தவனை அன்று நான் மனதார வாழ்த்தினேன்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்ததில் பதில் வந்தது. மேடு தட்டியது மரத்தால் மட்டுமா? வரத்துக்காலில் வந்த வண்டல் அது. கரையிலும் வரத்துக்காலிலும் மறுகாலிலும் நிற்கிற சீமைக்கருவேலம் ஒன்றுவிடாமல் போகட்டும், அரிவாளோடு நானே முதலில் நிற்கிறேன். நடுத்தோப்பை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் ஆழப்படுத்தட்டும். எடுக்கிற மண்ணில் கொஞ்சத்தை மரத்தைச் சுற்றித் திட்டாகப் போடட்டும். மீதிக் கரம்பையை, அந்த வண்டல் மண்ணை, வயலுக்கு அடித்துக்கொள்ள ஊரில் வேண்டாம் என்பவன் யார்? தோப்பு அடைத்துக்கொண்டிருக்கிற இடத்தை நான் காலால் அளந்தேன். குளத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. வேலையையும் ஜூனுக்குப் பிறகு தொடங்கட்டும். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும், குளமும் வற்றிவிடும். சேற்றில் எந்த இயந்திரம் இறங்கும்? ஏலக்காரர் அவசரப்படுவது விறகுக்காக. குளத்துக்கு என்ன அவசரம்?

இதை நான் சொன்னால் கொக்கு கதை ஆகிவிடும். கடைமடைக்காரன் சொன்னால் ஊர் கேட்கும். உன் வயல்தான் முதலில் காய்கிற வயல். மனுவில் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டவன், 'அனைத்தையும்' என்ற சொல்லை நாங்கள் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். முடிந்தால் அதற்கு முன் உன் அண்ணனுக்குப் போன் செய். அவரிடம் பறவையைப் பற்றிப் பேசாதே, கரம்பையைப் பற்றிப் பேசு. உனக்கு மறுப்பு இருந்தால் மறைக்காமல் எழுது. பதரான நெல்லைப் பார்த்தவன் நீ, எனக்குக் கோபம் வராது. கொஞ்சம் வரும்.

நேரிலேயே வந்தால் இன்னும் நல்லது. நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் ஏறினால் காலையில் இங்கே. ஸ்டேஷனுக்கு வண்டியோடு வருகிறேன். வரும்போது மறக்காமல் ஒரு பழைய குடை எடுத்து வா. மழைக்கு அல்ல, தோப்புக்கு அடியில் நிற்பதற்கு.

உன்,
கொக்கு

பி.கு.: தினமும் கரையேறி இறங்கியதில் முழங்கால் இப்போது நிஜமாகவே வலிக்கிறது. உன் பேத்தியின் சாபமாக இருக்கும்.