ஐந்து நாளில் ஒன்பது ஊர்: நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பிதழில், கணவனும் மனைவியும் தாங்களே கார் ஓட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஐந்து நாளில் ஒன்பது ஊர்களைப் பார்த்துத் திரும்பலாம் என்று ஒரு பயணத் திட்டம் வெளியாகியிருந்தது. மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, தஞ்சாவூர், காரைக்குடி, இராமேசுவரம், மதுரை என்ற அந்த வரிசையைப் படித்தபோது எனக்கு முதலில் ஆசையும் பிறகு கவலையும் வந்தன. நானும் என் கணவரும் பணி ஓய்வுக்குப் பிறகு குரோம்பேட்டையிலிருந்து காவிரிப் படுகைக்கும் செட்டிநாட்டுக்கும் நான்கு முறை காரில் போய் வந்திருக்கிறோம். அந்தத் திட்டத்தை நம்பி யாரேனும் விடுப்பு எடுத்து, விடுதிகளுக்கு முன்பணம் கட்டிவிடுவதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தூரத்தை மட்டும் பார்த்தால் அந்தத் திட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஒன்பது ஊர்களையும் சுற்றிச் சென்னைக்குத் திரும்ப ஏறத்தாழ 1,300 கி.மீ. ஆகும், ஐந்தால் வகுத்தால் நாளொன்றுக்கு 260 கி.மீ., அதாவது ஐந்து மணி நேர ஓட்டம் என்று கட்டுரையாளர் கணக்கிட்டிருக்கிறார். ஆனால் அந்த 1,300 கி.மீ. ஐந்து நாளுக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் 460 கி.மீ. முழுவதும் கடைசி நாளின் தலையில் விழுகிறது. அதே நாள் காலையில் மீனாட்சியம்மன் கோயிலையும் பார்த்துவிட வேண்டுமாம். கைப்பேசியை வெளியே ஒப்படைத்து, வரிசையில் நின்று, தரிசனம் முடித்து, பொற்றாமரைக் குளக்கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால் மணி பதினொன்றைத் தாண்டும். சாப்பிட்டுவிட்டு மதுரையைக் கடக்கும்போது பகல் ஒரு மணி. வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகும், அதுவும் செங்கல்பட்டுக்கு இப்பால் வண்டிகள் ஊராமல் ஓடினால்.

இதைவிடப் பெரிய பிழை இரண்டாம் நாளில் இருக்கிறது. புதுச்சேரியில் நிதானமாகக் காலைச் சிற்றுண்டி முடித்துப் புறப்பட்டு, பகல் ஒரு மணிக்குச் சிதம்பரம் நடராசர் கோயிலை அடையலாம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பகல் ஒரு மணிக்குச் சிதம்பரத்தில் தரிசனம் இல்லை. பன்னிரண்டு மணியளவில் நடை சாத்தினால் மாலை ஐந்து மணியளவில்தான் மறுபடி திறப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் எங்கும் சில நிமிடங்கள் முன்பின் இருக்குமே தவிர, நண்பகலிலிருந்து மாலை நான்கு மணிவரை கருவறை அடைத்தே இருக்கும். சோழ நாட்டுப் பக்கம் காரில் போகிறவர்களின் நாளை உண்மையில் வகுப்பது சாலை தூரத்தைவிட இந்த நான்கு மணி நேரம்தான். எங்கள் முதல் பயணத்தில் நாங்களே இதை மறந்தோம். கைப்பேசி வரைபடம் காட்டிய குறுக்கு வழியை நம்பி ஒரு வாய்க்கால் கரையில் இறங்கி, எதிரே வந்த டிராக்டருக்காக அரைக் கிலோமீட்டர் பின்னோக்கியே வந்து, ஒரு வழியாகத் தாராசுரத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. கதவு சாத்தியிருந்தது. பிழை எங்களுடையதுதான். அன்று மாலை நான்கு மணிவரை காருக்குள் குளிர்சாதனத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தபோது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தம்பதியருக்கான திட்டம் என்று தலைப்பிடுகிறவர்கள் இப்படிப்பட்ட நான்கு மணி நேரங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள் இன்னும் கடுமை. காரைக்குடியிலிருந்து இராமேசுவரம் 140 கி.மீ., மூன்று மணி நேரம். அங்கே இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடை மாற்றி, தரிசனம் செய்து, பிறகு தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைவரை சென்று, இரவுக்குள் 170 கி.மீ. தள்ளி மதுரையை அடைய வேண்டும் என்கிறது கட்டுரை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரின் இடிந்த தேவாலயத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடிவருவதை நான் பயணம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு இருட்டில் ஓட்டுவது ஒருவராக இருந்தால் அது ஆபத்தும்கூட.

கட்டுரையில் கணவர் ஓட்டுவதாகவும் மனைவி வரைபடம் பார்ப்பதாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் பாதி தூரம் நான் ஓட்டுகிறேன்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்கிறோம். யார் ஓட்டுகிறார்கள் என்பது பெருமைக்குரிய செய்தி ஒன்றுமில்லை, ஆனால் ஒருவர் மட்டுமே ஓட்டுகிற வீட்டுக்கும் இருவர் ஓட்டுகிற வீட்டுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. ஒருவர் மட்டும் ஓட்டினால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது என் அனுபவம். இருவர் ஓட்டினாலும் இரவு ஏழு மணிக்கு மேல் நாங்கள் ஓட்டுவதில்லை. எதிரே வரும் வண்டிகள் விளக்கைத் தாழ்த்துவதில்லை; கடலூர், நெல்லிக்குப்பம் பக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களில் பின்விளக்கே இல்லாதவை உண்டு. நெருங்கிய பிறகுதான் அவை கண்ணுக்குத் தெரியும்.

குறை சொல்லிவிட்டு நின்றுவிடாமல், நாங்கள் மூன்று முறை தவறிய பிறகு நான்காம் முறை சென்ற வழியைச் சொல்கிறேன். ஆறு இரவு, ஏழு நாள். ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்கு மாமல்லபுரம். வெயில் ஏறுமுன் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் பார்த்துவிட்டுப் பத்தரைக்கு வண்டியை எடுத்தால் நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் புதுச்சேரி வந்துவிடும். மதியம் தூக்கம், மாலையில் கடற்கரைச் சாலை. மாலை ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் காரை விடுதியிலேயே விட்டுவிட்டு நடந்து போவது நல்லது. சனி, ஞாயிறுகளில் அந்தப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு மணி நேர வேலை.

இரண்டாம் நாள்தான் இந்தத் திட்டத்தின் உயிர். புதுச்சேரியிலிருந்து ஆறரைக்குக் கிளம்பினால் 65 கி.மீ. கடந்து எட்டு மணிக்குச் சிதம்பரம். கோயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிதானமாக இருக்கலாம். நடை சாத்தும் வேளையை எதிர்த்துப் போராடாமல் அதையே பயன்படுத்திக்கொண்டு, பதினைந்து கி.மீ. தொலைவில் உள்ள பிச்சாவரத்துக்குப் போய்ப் படகேறிவிட வேண்டும். சுரபுன்னைக் காட்டின் குறுகிய கால்வாய்களுக்குள் கிளைகள் கூரைபோல் கவிந்திருப்பதால் பகல் வெயில் அவ்வளவாகத் தாக்காது. உணவு முடித்து, சேத்தியாத்தோப்பு வழியாக மீன்சுருட்டிச் சாலையைப் பிடித்தால் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடை திறக்கும் நான்கு மணிக்கு நாமும் அங்கே நிற்போம். மாலை வெயில் அந்த விமானத்தின் மேற்குப் பக்கத்தில் விழும்போது புல்வெளியில் உட்கார்ந்திருப்பதற்காக மட்டுமே எத்தனை ஊர்களை வேண்டுமானாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அங்கிருந்து அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து கும்பகோணம் 35 கி.மீ. மட்டுமே.

கும்பகோணத்தில் இரண்டு இரவு. ஒவ்வொரு இரவும் ஊர் மாறினால் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே நாளில் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. அதைக் கட்டுரைகள் ஒருபோதும் எண்ணுவதில்லை. மூன்றாம் நாள் காலை தாராசுரம், பிறகு சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் செப்புத் திருமேனி செய்யும் ஒரு பட்டறை, மாலையில் ஊருக்குள் ஏதேனும் ஒரு கோயில் என்று வைத்துக்கொண்டோம். அன்று முழுவதும் நாற்பது கி.மீ.கூட ஓட்டவில்லை. முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் அறை கிடைப்பது கடினம். நாட்காட்டியைப் பார்த்தே தேதி குறிக்க வேண்டும்.

நான்காம் நாள் ஆறு மணிக்கே கிளம்பினால் ஏழரை மணிக்குத் தஞ்சைப் பெரிய கோயில். 1010-ஆம் ஆண்டில் இராசராசன் முடித்த அந்தக் கோயிலைப் பார்க்க எல்லோரும் மாலையில்தான் வருகிறார்கள். காலை எட்டு மணிக்குத் திருச்சுற்று மாளிகையில் நிழலும் அமைதியும் இருக்கும், கல் தரையும் காலைச் சுடாது. பத்தரை மணிக்குப் புறப்பட்டுப் புதுக்கோட்டை வழியாகப் போகையில், நண்பகலுக்கு என்றே அமைந்ததுபோல் சித்தன்னவாசல் இருக்கிறது. அது தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள, பூசை நடக்காத இடம்; உச்சிக்கால நடையடைப்பு கிடையாது. அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் ஓவியங்களைப் பார்த்தால் போதும், குன்றின் மேல் சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்கு அந்த வெயிலில் ஏற வேண்டாம். அங்கிருந்து திருமயம் வழியாகக் கானாடுகாத்தான். அங்கே இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் முழுவதும் பழைய வீடுகள், கண்ணாடித் தகட்டின்மேல் சாயத்தை ஊற்றி ஆத்தங்குடி தரைக்கல் வார்க்கும் கூடம், காரைக்குடியின் பழம்பொருள் கடைகள். வீடுகள் பெரும்பாலும் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. எல்லாவற்றுக்குள்ளும் போய்விட முடியாது, சிலவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். ஆறாம் நாள் திருச்சி, திருவரங்கம். ஏழாம் நாள் அங்கிருந்து 330 கி.மீ. சென்னை. விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் வண்டிகளின் நெரிசலில் சிக்காமல் இருக்க, அந்த ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக மட்டும் அமையக்கூடாது.

இதில் இராமேசுவரம் எங்கே என்று கேட்பார்கள். அதை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. பாம்பனில் புதிய இரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு, மண்டபத்தோடு நின்றுபோயிருந்த இரயில்கள் மறுபடி தீவுக்குள் செல்கின்றன. சென்னையில் மாலையில் ஏறிப் படுத்தால் காலையில் கடலைக் கடக்கலாம். அங்கே இரண்டு நாள் தங்கி, தனுஷ்கோடிக்கு உள்ளூர் வண்டி எடுத்துக்கொள்ளலாம். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்வதே அந்த ஊருக்கு நாம் செய்யும் மரியாதை. தரங்கம்பாடியை விட்டதில்தான் எனக்கு இன்னும் மனக்குறை இருக்கிறது. கும்பகோணத்தில் மூன்றாவது இரவு தங்க முடிந்தவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் கல் தரையில் வெறுங்காலோடு நடக்கவே முடியாது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் காவியுடையில் நடந்து செல்வோர் திரளாக இருப்பர், அந்த நாட்களில் அங்கே வேகமாக ஓட்டுவது அவர்கள் உயிரோடு விளையாடுவது. சனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் நல்ல காலம். அப்போது சம்பா அறுவடை நடக்கும். சில ஊர்களில் சாலையின் ஒரு பக்கம் முழுவதும் நெல்லைக் காயவைத்திருப்பார்கள். பொறுத்து, ஒதுங்கித்தான் போக வேண்டும்.

இன்னொன்று, பெண்கள் எல்லோருக்கும் தெரிந்தது, பயணக் கட்டுரைகளில் மட்டும் வராதது: கழிப்பறை. புறவழிச் சாலைகளில் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்த கடைகள் வழிநெடுகிலும் இருக்கின்றன. அவற்றின் காபிக்கும் கும்பகோணத்துக்கும் என்ன உறவு என்று எனக்குத் தெரியாது, ஆனால் பெரும்பாலானவற்றில் கழிப்பறை உண்டு. சேத்தியாத்தோப்பு போன்ற உட்சாலைகளில் அந்த வசதி அரிது. ஆகவே புறப்படும் இடத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது எங்கள் வழக்கம்.

இனி இத்தகைய திட்டங்களை வெளியிடும்போது ஊர்ப் பெயர்களோடும் கிலோமீட்டரோடும் நிறுத்திவிடாமல், ஒவ்வொரு கோயிலிலும் நடை திறக்கும், சாத்தும் நேரத்தையும், நிறுத்தங்களையும் சேர்த்து ஆகும் ஓட்ட நேரத்தையும், எத்தனை பேர் ஓட்டுவதாகக் கணக்கிடப்பட்டது என்பதையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இடம் போதாது என்றால், இரண்டாம் நாள் பகல் ஒரு மணி என்ற அந்தச் சிதம்பரம் நேரத்துக்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
குரோம்பேட்டை, சென்னை.