ஆண்டின் சிறந்த வாசிப்பில் பழைய நூல்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'இந்த ஆண்டின் சிறந்த நூல்கள்' என்ற பட்டியல்கள் பத்திரிகைகளில் வரத் தொடங்கிவிட்டன. பெரும்பாலும் இந்த ஆண்டு அச்சேறியவைதான் அவற்றில் இருக்கின்றன. என்னை இந்த ஆண்டு தூங்கவிடாமல் செய்ததோ 1972-இல் வெளிவந்த நாவல், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் நுழைவதில் தொடங்குகிறது கதை. வட்டிக்கடைச் செட்டியார்கள், அவர்களின் கடைகளில் வேலை பார்த்த அடுத்தாட்கள், பெட்டியடிப் பையன்கள், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த இளைஞர்கள் என்று கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர்களின் உலகம் முழுதும் அதில் உயிரோடு நடமாடுகிறது. தொங்கான் என்னும் பாய்மரப் படகு புயலில் சிக்கும் பக்கங்களைப் படித்து முடித்ததும் உடனே மறுபடியும் படித்தேன். நாயகன் பாண்டியன் எங்கோ தொலைவில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் இடங்கள் மதுரைக்காரனான என்னைக் கலங்கடித்துவிட்டன. சிங்காரம் இதே ஊரில் நாளிதழில் வேலை பார்த்து 1997-இல் மறைந்தவர். எழுதியவை இரண்டே நாவல்கள். முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. அப்படியிருந்தும் அடுத்ததை அச்சில் பார்க்க அவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வாழ்ந்த காலத்தில் அவரை நாம் உரிய முறையில் கொண்டாடவில்லை என்ற வருத்தம் எனக்குத் தீரவே இல்லை.

அண்மைக் கால நூல்களில் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என் மனத்தில் நிற்கிறது. வ.உ.சி. கைதானதும் மார்ச் 13 அன்று நெல்லையில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டார்கள். தலைவரின் சிறைவாசத்தை எல்லோரும் அறிவோம். அவருக்காகத் தெருவில் இறங்கித் தண்டனை அனுபவித்த எளிய மனிதர்களைத் தேடிப் பிடித்து எழுதியதற்காகவே இந்நூலைப் போற்ற வேண்டும். சாகித்திய அகாதெமி 2024-ஆம் ஆண்டுக்கான விருதை இதற்கு வழங்கியது மிகப் பொருத்தம். முந்தைய ஆண்டு அதே விருதைப் பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலையும் சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பத்துக் காரு மாமாவை மறக்க முடியவில்லை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரப்போகிறது. அதற்கு முன்னால், எந்த ஆண்டு வெளிவந்த நூலாக இருந்தாலும், வாசகர்கள் இந்த ஆண்டு படித்து நெஞ்சில் நின்றதை எழுத உங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இப்போது அச்சில் கிடைக்காத நூல்களை அதில் தனியே குறிப்பிட்டால், மறுபதிப்புச் செய்ய யாராவது முன்வரக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.