விருந்தை அழைக்கும் நெருப்பு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்ணில் புரை நீக்கிய பிறகு ஒரு மாதம் எதையும் படிக்கலாகாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், உங்கள் கடிதத்தைப் பேரனைப் படிக்கச் சொல்லித்தான் கேட்டேன். இப்போது தடை நீங்கிவிட்டது. பழைய அரபுக் கவிதைகளில் நெருப்பு இத்தனை முறை வருவதற்குப் பாரசீகரின் தீ வழிபாடு காரணமாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாலைக் கவிஞர்களுக்கு நெருப்பு பெரும்பாலும் தெய்வமன்று, இருட்டில் தொலைவில் வருபவனோடு பேசும் வாய்.

9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ராவில் மறைந்த அரபு எழுத்தாளர் அல்-ஜாஹிஸ், விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில், பேச்சு வாக்கில் அரபுகளின் நெருப்புகளையும் பெயர் சொல்லி விவரிக்கிறார். மழை பொய்த்தால் மாடுகளின் வாலில் சுள்ளிகளைக் கட்டிக் கொளுத்தி மலைமேல் ஓட்டினார்களாம்; படிக்கும்போதே பதறுகிறது. உடன்படிக்கை செய்வோர் தீயின் முன் சத்தியம் செய்தனர். அதில் உப்பை எறிய, அது வெடித்துச் சத்தியம் செய்பவனை அச்சுறுத்தும். மறுபடி வரவே கூடாத ஒருவன் புறப்பட்டதும் அவன் முதுகுக்குப் பின்னால் மூட்டிய நெருப்பும் உண்டு.

ஆனாலும் கவிஞர்கள் கொண்டாடியது விருந்தினருக்கென்று மேட்டில் எரித்த நெருப்பைத்தான். குளிர் இரவில் தீயை மூட்டச் சொல்லி, அது ஒரு விருந்தாளியை அழைத்து வந்தால் உனக்கு விடுதலை என்று, வள்ளல் எனப் பேர்போன கவிஞர் ஹாதிம் தாயி தம் அடிமையிடம் சொன்னதாக ஒரு பாட்டு இருக்கிறது. முஹல்லக் என்ற ஏழையின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். பெண்களுக்கு வரன் அமையாமல் தவித்த அவன், அவ்வழியே வந்த கவிஞர் அல்-அஃஷாவுக்குத் தன் ஒட்டகத்தை அறுத்து விருந்து வைத்தான். குளிரில் நடுங்கிய இருவர் காய்வதற்காக எரிந்த தீயின் அருகே முஹல்லக்கும் கொடையும் சேர்ந்து இரவைக் கழித்தனர் என்று கவிஞர் பாட, அந்தப் பாட்டு பரவிப் பெண்கள் அனைவருக்கும் மணம் முடிந்ததாம். குளிர் காய்ந்த இருவர் அவனும் கொடையும்தான் என்பதை நான் இரண்டாம் முறை படித்தபோதே கண்டுகொண்டேன்.

இறந்த சகோதரன் ஸக்ரை உச்சியில் தீ எரியும் மலை என்று பாடி அழுதார் பெண் கவிஞர் அல்-கன்ஸா. "சாம்பல் மிகுந்தவன்" என்றால் அரபு அணியிலக்கணத்தில் வள்ளல் என்றே பொருள். ஓயாமல் சமைக்கும் வீட்டில்தானே சாம்பல் குவியும்.

வசைக்கும் இதே நெருப்புதான் உதவியது. உமையா கலீஃபாக்களின் ஆட்சியில் வாழ்ந்த கவிஞர் அல்-அக்தல், தம் போட்டிக் கவிஞர் ஜரீரின் குலத்தாரைப் பற்றி, விருந்தாளியின் அரவம் கேட்டு நாய் குரைத்தால் அவர்கள் தாயைக் கூப்பிட்டு நெருப்பின்மேல் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள் என்று பாடினார். கஞ்சத்தனம், அவ்வளவில் அணைந்துவிடும் சின்னத் தீ, தாயையே ஏவும் கீழ்மை என்று ஒரே அடியில் எத்தனை ஏச்சு! பேரன் பக்கத்தில் இருந்ததால் இந்த இடத்தை மட்டும் மனத்துக்குள் படித்துக்கொண்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்