சான்யுவான்லி நினைவகத்தாருக்கு ஒரு மடல்

சீனாவின் குவாங்சோ நகரில், பிரிட்டிஷாரை எதிர்த்த சான்யுவான்லி மக்களின் போராட்ட நினைவகத்தை நடத்துவோருக்கு,

வணக்கம். 1841 மே மாதக் கடைசியில், முதல் அபினிப் போரின்போது, உங்கள் கிராமத்தார் கொட்டும் மழையில் ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சுற்றி வளைத்தார்கள். அதில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு சிலர்தான். மற்றவர்கள், ஏறக்குறைய அறுபது பேர், 37வது மதராஸ் காலாட்படையின் சிப்பாய்கள். அவர்கள் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி பறக்கவைத்துச் சுடும் பழைய ரகத் துப்பாக்கி. மருந்து நனைந்துவிட்டது. துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு சதுரமாக நின்று, ஈட்டியோடும் மண்வெட்டியோடும் வந்தவர்களைச் சமாளித்தார்கள். மழையிலும் வெடிக்கும் புது ரகத் துப்பாக்கியோடு பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் வந்துதான் மீட்டார்கள். நல்ல துப்பாக்கி யாருக்கு, பழையது யாருக்கு என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த ஆண்டு போரை முடித்துவைத்த நான்ஜிங் ஒப்பந்தத்தின் மீது உங்கள் மக்களுக்கு இன்றும் உள்ள கோபம் நியாயமானது. ஹாங்காங் போனது, ஐந்து துறைமுகங்களைத் திறக்க வேண்டியதாயிற்று. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம் வேறு. அதில் 60 லட்சம், சீனப் பேரரசின் ஆணையர் லின் செசூ பறிமுதல் செய்து ஹூமெனில் அழித்த அபினிக்கு! கள்ளச்சரக்கைப் பறிமுதல் செய்ததற்கு அரசே விலை கொடுத்தது. 1843இல் சேர்த்த துணை ஒப்பந்தத்தோடு, சீன மண்ணில் தவறு செய்த ஆங்கிலேயரைச் சீன நீதிமன்றம் தொட முடியாமல் போனது. இறக்குமதி வரியைத் தன் விருப்பப்படி உயர்த்தும் உரிமையும் போயிற்று. அது திரும்பி வர ஏறக்குறைய 1930 ஆகிவிட்டது. வணிகத் தகராறு எழும்போதெல்லாம் உங்கள் ஊரில் 1842ஐ நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த அபினியில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து. பீகாரில் கிழக்கிந்தியக் கம்பெனி முன்பணம் கொடுத்து உழவரைக் கசகசா பயிரிடவைத்தது, தானே வைத்த விலைக்கு வாங்கியது, கல்கத்தாவில் ஏலம் விட்டது. அதன் பிறகு சரக்கு கடத்தப்படுவது தனியார் வணிகர்கள் பாடு, தனக்குச் சம்பந்தமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டது. நல்ல சாமர்த்தியம்தான். அந்த உழவருக்கும் சரி, மதராஸ் சிப்பாய்க்கும் சரி, தண்டப் பணத்தில் என்ன பங்கு கிடைத்திருக்கும்?

என் கோரிக்கை இதுதான். பார்வையாளர் கண்ணில் படும்படி அந்தச் சிப்பாய்கள் எந்தப் படை, எந்த ஊர்ப் பக்கம் என்று எழுதுங்கள். பீகாரின் அபினியையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களை நல்லவர்களாகக் காட்ட வேண்டாம். படையினர் கல்லறைகளைத் தோண்டியதும், பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதும்தான் கிராமத்தாரைக் கிளப்பியது என்கிறார்களே, அதில் சிப்பாய்களின் பங்கு என்னவோ அதையும் மறைக்காமல் எழுதுங்கள். தமிழிலும் ஒரு பலகை இருந்தால் நன்று.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகர்