நொதியின் அளவும் நோயின் போக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரைப்பைப் புற்றுநோய்த் திசுவிலுள்ள வளர்சிதை மாற்ற நொதிகளின் அளவைக் கொண்டே நோயின் போக்கைக் கணித்துவிடலாம் என்பதுபோன்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. அடிப்படை வலுவானதுதான். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதும் புற்றுச் செல்கள் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குகின்றன என்பதை ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டினார். இந்த மாற்றத்தில் பங்குகொள்ளும் ஹெக்சோகைனேஸ்-2, லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-ஏ போன்ற நொதிகள் மிகுந்த கட்டிகளில் நோய் வேகமாக முற்றுவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

ஆனால் அந்த அளவு எப்படிக் கிடைக்கிறது? மெழுகில் பதித்த திசுவைச் சில மைக்ரான் தடிமனில் சீவி, அந்த நொதியில் ஒட்டும் எதிர்ப்பொருள் கொண்டு சாயமேற்றி, பழுப்பு நிறம் எவ்வளவு அடர்த்தியாக, எத்தனை விழுக்காடு செல்களில் படிந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் கண்ணால்தான் மதிப்பிடுகிறார். 'அதிகம்', 'குறைவு' என்று பிரிக்கும் எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அதிலும் இரைப்பைக் கட்டி எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், எண்டோஸ்கோப்பி வழியே கிள்ளியெடுத்த துணுக்கு முழுக் கட்டிக்கும் சாட்சி சொல்லாது (சில கட்டிகளில் மிகுந்திருக்கும் ஹெர்-2 என்னும் புரதத்துக்கான சோதனையிலும் இதே தொல்லை உண்டு).

ஹெர்-2 மிகுந்திருந்தால், முற்றிய நிலையிலுள்ள நோயாளிக்கு அப்புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைத் தரலாம் என்ற முடிவாவது கிடைக்கும். நொதி அளவோ வழக்கமான சிகிச்சையில் இன்னும் எந்த மருந்தையும் தீர்மானிப்பதில்லை. எனவே, கட்டியின் ஆழம், நிணநீர்க் கணுக்களில் பரவல் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த நொதி தனியாக எதையேனும் உணர்த்தியதா, வேறொரு நோயாளர் குழுவிலும் அது சரிபார்க்கப்பட்டதா என்ற இரண்டையும் இத்தகைய செய்திகளில் தவறாமல் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்