தடுப்பாட்டக்காரர் மட்டுமா பொறுப்பு?

ஐயா,

2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 எனத் தோற்றது குறித்த தங்கள் கட்டுரை, பழி முழுவதையும் பிரேசில் தடுப்பாட்டக்காரர் டேவிட் லூயிஸ் மீதே சுமத்துகிறது. முதல் கோல் விழுந்த கார்னர் கிக்கில் ஜெர்மனியின் முல்லரைத் தனியே விட்டது அவர் தவறுதான். ஆனால் 23-ஆம் நிமிடம் முதல் 29-ஆம் நிமிடத்துக்குள் விழுந்த 4 கோல்களையும் அவர் கணக்கில் எழுதுவது அநியாயம். ஜெர்மனியின் 4-ஆவது கோலுக்கு முன் குரூஸிடம் பந்தைப் பறிகொடுத்தவர் நடுக்கள ஆட்டக்காரர் பெர்னாண்டினோ. பின்களத்தைக் கட்டிக்காத்த கேப்டன் தியாகோ சில்வாவோ மஞ்சள் அட்டைத் தடையால் ஆடவே இல்லை.

பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி தரும் நான் அடிக்கடி காண்பது இது: நடுக்களத்தில் பந்து போனதும் பின்னால் நிற்கும் ஒருவன் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டியிருக்கும், திட்டு மட்டும் அவனுக்கே. ஆட்டச் செய்தியோடு, ஒவ்வொரு கோலுக்கும் முன் பந்து எங்கே பறிபோனது என்பதைச் சிறு வரைபடமாக வெளியிட வேண்டுகிறேன்.

- கால்பந்துப் பயிற்சியாளர், தூத்துக்குடி