புழுவுக்கு இன்னொரு பரிசு பாக்கி இருக்கிறது

கரோலின்ஸ்கா நிறுவனத்தின் நோபல் பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குப் பெயர் பரிந்துரைக்கும் உரிமை எனக்குக் கிடையாது. யார் யாரைப் பரிந்துரைத்தார்கள் என்பதை 50 ஆண்டுகள் பூட்டி வைப்பீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் இதைப் பூட்டாத மடலாக எழுதுகிறேன். புழுவின் முதுமையை ஆராய்ந்த சிந்தியா கென்யனின் 1993 கண்டுபிடிப்புக்கு மருத்துவ நோபல் வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

நான் விஞ்ஞானி அல்ல. இளம் வயதில் இரண்டு வருடம் ஓர் ஆய்வகத்தில் புழு எண்ணியவன். சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழு. அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் பாக்டீரியாவை மேய்ந்துகொண்டு திரியும். பிளாட்டினம் கம்பியின் நுனியைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அசைந்தால் உயிர் இருக்கிறது. சில முறை தொட்டும் அசையாவிட்டால் நோட்டில் ஒரு கோடு. சில புழுக்கள் தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்து கருவாடாகிவிடும். அவை சாவுக் கணக்கில் சேராது, காணாமல் போன கணக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் இதே வேலை. ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது. இரண்டு மூன்று வாரத்தில் தட்டு காலியாகிவிடும்.

டாஃப்-2 மரபணு மாறிய புழுக்களை முதன்முதலாக எண்ணியபோது, 25ஆம் நாள் பக்கத்துத் தட்டில் ஏறக்குறைய எல்லாமே கோடுகள். இந்தத் தட்டிலோ இளவட்டம் போல நெளிந்துகொண்டிருந்தன. லேபிளை மாற்றி ஒட்டிவிட்டோம் என்று பயந்து நோட்டை மூன்று தடவை புரட்டினேன். லேபிள் சரியாகத்தான் இருந்தது.

இதை முதலில் பார்த்துச் சொன்னவர் சிந்தியா கென்யன். சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1993 டிசம்பரில் நேச்சர் இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. சாதாரணப் புழுவின் சராசரி ஆயுள் 18 நாள். டாஃப்-2 மாறியதற்கு 42 நாள். அதோடு விட்டிருந்தால் அது ஒரு விநோதச் செய்தி, அவ்வளவுதான். டாஃப்-16 என்ற இன்னொரு மரபணுவையும் செயலிழக்க வைத்தால் அந்தக் கூடுதல் ஆயுள் பறிபோகிறது என்பதையும் அதே கட்டுரை காட்டியது. புழு தற்செயலாக நீண்ட நாள் இருக்கவில்லை. அதற்கு உள்ளே ஆயுளைக் கூட்டிக் குறைக்கும் ஒரு விசை இருக்கிறது. முதுமை என்றால் பழைய சைக்கிள் துருப்பிடிப்பது மாதிரி, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று உயிரியலாளர்களில் பெரும்பாலோர் நினைத்திருந்த காலம் அது.

டாஃப்-2 புதிய மரபணுவும் அல்ல. சாப்பாடு கிடைக்காதபோது இளம்புழு வளர்ச்சியை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும் நிலை ஒன்று உண்டு. அதற்குள் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு என்றுதான் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கென்யன் குழு புழுவைக் குளிர்ச்சியில் வளர்த்து, அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு சூட்டைக் கூட்டியது. அப்புறம் காத்திருந்து எண்ணியது.

1997-ல் கேரி ருவ்கனின் குழு டாஃப்-2 எதன் உறவு என்று கண்டுபிடித்தது: மனித உடம்பின் இன்சுலின் ஏற்பி, அதாவது இன்சுலினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம். 2001-ல் பழ ஈயிலும் 2003-ல் சுண்டெலியிலும் இந்தச் செய்தி போகும் இதே வழித்தடத்தைத் தளர்த்தியபோது ஆயுள் நீண்டது. சுண்டெலியில் நடந்த ஓர் ஆய்வில் அது தெளிவாகத் தெரிந்தது பெண் எலிகளில் மட்டும். ருவ்கனுக்கு 2024-ல் நீங்களே பரிசு கொடுத்தீர்கள், ஆனால் மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சின்ன மூலக்கூறுக்காக.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. கென்யனுக்கு முன்பே, 1983-ல், நீண்ட நாள் வாழும் புழுக்களைத் தேடிப் பிடித்தவர் மைக்கேல் கிளாஸ். அவை சரியாகச் சாப்பிடாததால்தான் ஆயுள் கூடுகிறது என்று முடிவு கட்டிவிட்டு, பிறகு அந்தத் துறையை விட்டே போய்விட்டார். அவர் பிடித்த புழுக்களை வைத்து 1988-ல் ஏஜ்-1 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டியவர் தாமஸ் ஜான்சன். கையில் இருந்த புதையலைக் கூழாங்கல் என்று நினைத்த கிளாஸின் கதை எனக்கு எப்போதும் ஒரு மாதிரியாக இருக்கும். பரிசு யாருக்குப் போனாலும் உங்கள் அறிக்கையில் இந்த இரண்டு பெயர்களும் வர வேண்டும்.

மனிதருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 2008-ல் நடந்த ஆய்வில், டாஃப்-16-இன் மனித உறவான ஃபாக்ஸ்ஓ3 மரபணுவின் ஒரு வகை நீண்ட ஆயுளோடு சேர்ந்து காணப்பட்டது. ஈக்வடாரில் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி வேலை செய்யாத குட்டையான மனிதர்களுக்குப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் அபூர்வம் என்று 2011-ல் தெரிந்தது. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. மருந்து இன்னும் வரவில்லை. 150 வயது வாழலாம் என்று தலைப்புப் போடும் பத்திரிகைகளுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. புழுவுக்குச் சர்க்கரை கொடுத்தால் ஆயுள் குறைகிறது என்று 2009-ல் கென்யன் குழு எழுதியதை நம்பிக் காபியில் சர்க்கரையை விட்டவன் நான். மூன்றாம் வாரமே பழைய நிலை.

ஆனால் மருந்துக்காகக் காத்திருப்பது உங்கள் வழக்கமா? மரபணுவின் வாயை அடைக்கும் ஆர்என்ஏ குறுக்கீட்டைக் கண்டுபிடித்ததற்காக, அதுவும் இதே புழுவில், 2006-ல் பரிசு கொடுத்தீர்கள். கண்டுபிடிப்பு வந்து எட்டே வருடம். அதிலிருந்து முதல் மருந்து அனுமதி பெற்றது 2018-ல். முதுமைக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

2002-ல் பரிசு வாங்கிய சிட்னி பிரென்னர், அந்த வருடத்தின் நான்காவது வெற்றியாளர் புழுதான், பணத்தில்தான் அதற்குப் பங்கு கிடையாது என்று தன் உரையில் வேடிக்கையாகச் சொன்னார். அவர் கேம்பிரிட்ஜில் வளர்த்த புழுவை அங்கேயே கற்றுக்கொண்டு போனவர்தான் கென்யன். அடுத்த அக்டோபரில் கூடும்போது 1993 கட்டுரையை ஒருமுறை மேசைமேல் எடுத்து வையுங்கள். அதிகம் இல்லை, நான்கைந்து பக்கம்தான்.

இப்படிக்கு,
பழைய புழு எண்ணி ஒருவன்